சர்வேயர் வளர்த்த விஷ்ணுகிராந்தி

பூவுக்காக நிலம் அளக்கும் அரசாங்கச் சங்கிலியையே காத்திருக்க வைத்த மனிதர், திண்டுக்கல் தாலுகாவில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் மெஸ்ஸில் எல்லோருக்கும் அவர் ‘சர்வேயர்’. பெற்ற தாய்க்காவது அவருடைய பெயர் நினைவிருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

ஐம்பதுகளின் கடைசியில் அந்த மெஸ்ஸின் மொட்டை மாடியில் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தோம். நான் புகையிலைக் கிடங்கில் குமாஸ்தா. அவர் ஊர் ஊராகப் போய் நிலம் அளப்பவர். அளக்கப் போன இடத்தில்தான் விஷ்ணுகிராந்தியிடம் மாட்டிக்கொண்டார். கன்னிவாடிப் பக்கத்துப் பொட்டல்களில் தரையோடு தரையாகக் கிடக்கும் பூண்டு அது. பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, நல்ல நீலம். காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்ளும்.

ஒருமுறை அகரம் கிராமத்தில் வரப்புத் தகராறு. பங்காளிகள் இரண்டு பேரும் அரிவாளோடு நிற்கிறார்கள். சங்கிலி போகவேண்டிய வழியெல்லாம் விஷ்ணுகிராந்தி பூத்திருந்தது. சர்வேயர் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சார், அளக்கலயா?”

“செத்த நேரம் பொறுங்கப்பு. பூ மூடட்டும்.”

பூ மூடுவதற்குள் பங்காளிகளுக்குப் பசி வந்துவிட்டது. ஒருவர் கூழ்க் கலயத்தைத் திறந்தார். மற்றவர் வெங்காயம் நீட்டினார். அன்று சங்கிலி சாக்கைவிட்டு வெளியே வரவே இல்லை.

மாடியில் எட்டு மண்ணெண்ணெய் டின்களில் அதை வளர்த்தார். அடியில் ஆணியால் இருபது ஓட்டை, பாதிவரை சரளை, மேலே செம்மண். எரு கூடாது, நிழல் கூடாது. விதையைத் தூவி உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட வேண்டும். முளைத்து வேர் பிடித்த பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.

“எவ்வளவு சார்?”

“கர்சீப்ப நனைச்சுப் பிழிஞ்சா விழுகும்ல, அம்புட்டுத்தான்.”

திண்டுக்கல்லில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் இதற்கு மெடல் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. “ரோஜாவுக்கு மட்டுந்தான் குடுக்கணும்னு சட்டமா இருக்கு?” என்பார்.

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் முன்பு, தங்கை கல்யாணத்துக்காக ஒரு வாரம் ஊருக்குப் போனார். வெயிலில் வாடுகிறதே என்று மனம் பொறுக்காமல் நான் தினமும் செம்பு செம்பாக ஊற்றினேன். திரும்பி வந்தவர் அழுகிய டின்களைப் பார்த்தார்.

“குளிப்பாட்டியே கொன்னுபுட்டீங்களேய்யா!”

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் கண்ணில் படாமல் கிடந்த ஒரே ஒரு டின் பிழைத்திருந்தது. அதைத்தான் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்.

நடுவரோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்தார். பூவெல்லாம் மூடியிருந்தது.

“என்னய்யா இது, புல்லக் கொண்டாந்து வச்சிருக்க?”

கூட்டம் சிரித்தது. சர்வேயரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பரிசு மறுநாள் மாலைதான் என்று கேள்விப்பட்டதும், காலை ஏழு மணிக்கே அவரையும் டின்னையும் இழுத்துக்கொண்டு நடுவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

வாயில் பல்பொடி நுரையோடு வெளியே வந்த நடுவர் டின்னைப் பார்த்தார். முப்பது நாற்பது நீலப் பூக்கள். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். துப்பக்கூட மறந்துவிட்டார்.

“மொதப் பரிசு உனக்குத்தான்யா! ஆனா செடிய இங்கேயே விட்டுட்டுப் போ. என் தோட்டக்காரன் ரெண்டு வேளையும் தண்ணி விட்டு, எருப் போட்டு ராஜா மாதிரி பாத்துக்குவான்.”

சர்வேயர் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“வாரேங்கய்யா.”

மெடல் ஏதோ ஒரு டேலியாப் பூவுக்குப் போனது. அன்று முழுவதும் அவர் சீட்டியடித்துக்கொண்டே இருந்தார்.

சில மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. ஜட்காவில் ஏறுமுன் டின்னை என் கையில் கொடுத்தார். நான் பதறிப்போனேன்.

“சார், ஏழு டின்னைக் கொன்னவன் நான்!”

“அதான் உங்ககிட்டத் தாரேன். ஒருக்கா கொன்னவருக்குத்தான் செம்பத் தொடவே கை நடுங்கும்.”

அந்தச் செடியின் பேரன் பேத்திகள் இன்றும் என் வீட்டு மாடியில் பூக்கின்றன. காலையில் என் மனைவி தண்ணீரோடு வந்தால் விரட்டிவிடுகிறேன். பிறகு பூ மூடும்வரை, சர்வேயர் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.