மாமனாரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துப் பூட்டிய கதை

கையில் செல்போனும் வாயில் கொஞ்சம் சரித்திரமும் வைத்திருப்பவனோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போகவே கூடாது. நான் அப்படிப்பட்ட ஆள் என்பதால்தான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. மனைவி ஸ்டெல்லாவுக்குத் தூத்துக்குடி. காதல் கல்யாணம். தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன அவள் அப்பா, கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனாரே தவிர என்னிடம் பேசவில்லை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபோதுதான் முதல்முறையாக "மாப்ள" என்றார். ("மாப்ள, அந்த ஃபேனக் கொஞ்சம் கொறைங்க.")

தூத்துக்குடியில் அவர்கள் தெரு கடலில் முடிகிற இடத்தில் ஒரு கல் நிற்கிறது. புயலில் திரும்பி வராத தோணிக்காரர்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். மாமாவின் அண்ணன் அந்தோணியும் அதில் உண்டு. வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் அங்கே ஜெபம் நடக்கும். வீட்டுக்கு ஒருவர் தங்கள் ஆளின் பெயரை வாசித்து, அவரைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். அந்தோணியின் முகம் நினைவிருந்தது மாமாவுக்கு மட்டும்தான். ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒன்று சொல்வாராம்.

"இந்த வருசம் நீங்க என்னக் கூட்டிட்டுப் போவீயளா?" என்று அவர் கேட்டபோது, மருமகன் வேலை அன்றுதான் நிரந்தரமானது போல இருந்தது எனக்கு.

சாயங்கால ஜெபத்துக்குக் காலையிலேயே காரை எடுத்தேன்.

"அதுக்கு முன்னால ஊர்ல உள்ள பழைய எடமெல்லாம் பாத்துருவோம் மாமா."

"நான் பொறந்த ஊர எனக்கே காட்டப் போறீயளாக்கும்!"

அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அவர் ஞானஸ்நானம் வாங்கிய மாதா கோயில் வாசலிலேயே நின்று, போர்த்துக்கீசியர் வந்த கதையை அவருக்கே விளக்கினேன். கண்ணில் பட்ட கல்வெட்டையெல்லாம் படம் பிடித்தேன். (அதில் ஒன்று தண்ணீர்க் குழாய் திறப்பு விழாக் கல் என்று பிறகு தெரிந்தது.) மாமா கம்பை ஊன்றிக்கொண்டு பைய நடந்து வந்தார்.

கடைசியாக, வெயில் தாழ்ந்த நேரத்தில், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கல்லறைத் தோட்டம் ஒன்று. வாசலை மறைத்த ஆள் உயரக் கல்லறை ஒன்றின் பின்பக்கம் மாமாவை நிறுத்தி, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்காக வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். "இங்கே உறங்குபவர்கள் யார்?" என்று கம்பீரமாகக் கேட்ட அதே நேரம், வாசலிலிருந்து காவலாளியின் குரல் வந்தது.

"உள்ள யாரும் இருக்கியளா?"

மாமா வாயைத் திறந்தார். வீடியோ கெட்டுவிடுமே என்று நான் உதட்டில் விரலை வைத்தேன். பெரிய மனுஷன், மாப்பிள்ளை சொல்லுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டார். பூட்டு விழுந்தது.

வீடியோவை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கேட் அசையவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிடலாம் என்றால் போன் செத்திருந்தது. மாமாவின் போன் காரில். வெளியே மீன் கூடையோடு ஒரு அம்மா போனார். "யம்மா! இங்கன பாருங்க!" என்று கத்தினேன். கல்லறைக்குள்ளிருந்து கூப்பிட்டால் யார் நிற்பார்கள்? சிலுவை போட்டுக்கொண்டு ஓட்டமாகப் போய்விட்டார். சுவரில் ஏறினேன். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. பேன்ட்டின் பின்பக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்பக்கமே விழுந்தேன்.

மாமா ஒரு கல்லறை மேல் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. அடிக்கடி வானத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"இவனுவளுக்கு ஆள் ஒசரத்துக்குக் கல்லு. நம்ம ஆளுவளுக்கு ஒத்த வரி மாப்ள. அத வாசிக்க இன்னிக்கு ஆள் இல்ல" என்றார்.

நான் மறுபடியும் போய்க் கேட்டை உலுக்கினேன்.

இருட்டிய பிறகு காவலாளி திரும்பி வந்து கேட்டைத் திறந்துவிட்டார். நாங்கள் கடற்கரைக்குப் போனபோது நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்திகள் அணைந்திருந்தன. அந்தோணி பெயரை யாரோ வாசித்தார்களாம். அவரைப் பற்றிச் சொல்லத்தான் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மாமா கல்லருகே போய் அந்தப் பெயரைத் தடவினார். கிழிந்த பேன்ட்டைச் சட்டையை இழுத்து மறைத்தபடி நான் பின்னால் நின்றேன்.

"மன்னிச்சிருங்க மாமா."

"அது கெடக்கட்டும். நீங்க கேளுங்க" என்றார். "எங்க அண்ணனுக்குக் கடல் ஒத்துக்காது. தோணி ஏறினா வாந்திதான். வீட்டுல சொல்லிராதல, நாலு பேரு சிரிப்பானுவன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுவான். அப்படியும் போனான்."

அடுத்த ஜெபத்துக்கு மாமா இல்லை.

காவலாளியின் குரலோடு அந்த வீடியோ மட்டும் எல்லார் போனிலும் இருக்கிறது. வீட்டில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் போதும், "உள்ள யாரும் இருக்கியளா?" என்று ஸ்டெல்லா கேட்பாள், என் மகளும் சேர்ந்துகொள்வாள்.

இப்போதெல்லாம் வருஷா வருஷம் அந்தோணி பெயரை ஸ்டெல்லா வாசிக்கிறாள். அவரைப் பற்றிச் சொல்வது நான். அன்று கேட்டவன் நான் ஒருவன்தானே. ஆழ்வார்குறிச்சிக்காரன் எழுந்ததுமே பின்வரிசையில் யாராவது ஒரு மச்சான் "உள்ள யாரும் இருக்கியளா?" என்று குரல் கொடுப்பான். ஜெபக் கூட்டம் மொத்தமும் சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். பிறகு மாமா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். சொந்தமாக ஒரு வார்த்தைகூடச் சேர்ப்பதில்லை.