லிஃப்ட்காரருக்குக் கிடைத்த உலகக் குடியுரிமை

மகளுடைய சாரணியர் சீருடையின் பச்சைப் பட்டையில் இனி பேட்ஜ் இல்லாமல் ஒரு விரல் இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று லிஃப்ட்காரர் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சபதம் எடுத்தார். குக்கர் விசில் அடித்து அதை ஆமோதித்தது. மனைவி ஆமோதிக்கவில்லை.

"பட்டை அவளோடது. நீங்க ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?"

"இருபது பேட்ஜ் ஆயிடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதோட பட்டை நிறைஞ்சிடும்."

"உங்களுக்கு மனசு நிறைஞ்சிடும். அதைச் சொல்லுங்க."

மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒல்லி உடம்பு, உருண்டைத் தலை, கூர்மையான வாய். அதனால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். சாரணியர் படையில் சேர்ந்த இரண்டு வருஷத்தில் அவள் வாங்கிய பேட்ஜுகளில் லிஃப்ட்காரருடைய ரத்தமும் கலந்திருந்தது. முதலுதவி பேட்ஜுக்காகக் காலில் கட்டோடு நான்கு நாள் வேலைக்குப் போனார். லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடமெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். சமையல் பேட்ஜுக்காக மகள் சமைத்ததைத் தட்டு காலியாகச் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் முதலுதவி நிஜமாகவே தேவைப்பட்டது.

இவ்வளவு வெறிக்கும் ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில் அவரும் சாரணர்தான். வாங்கியது ஒரே ஒரு பேட்ஜ். முடிச்சுப் போடுவதற்கு. அந்த முடிச்சுகளையும் முந்தின நாளே போட்டுக் கொடுத்தது அவருடைய அக்கா.

"கடைசி பேட்ஜ் என்னது?" என்றார்.

"உலகக் குடிமக்கள் பேட்ஜ்," என்றாள் குண்டூசி.

"இந்த வயசுல குடிமகளா? உங்க தாத்தாவே அறுபது வரைக்கும் அதைத் தொடல."

"அப்பா!"

"குடியுரிமைங்க," என்றாள் மனைவி. "நம்ம தெருவோட நம்ம அக்கறை முடிஞ்சுடக் கூடாது. உலகத்துல எந்த மூலையில யாருக்கு என்ன ஆனாலும் அதுல நமக்கும் பங்கு உண்டுன்னு தெரிஞ்சுக்கிறது."

"அவ்வளவுதானே? அது நமக்குக் கைவந்த கலை. மூணாவது தெருவுல குழாய் உடைஞ்சாலும் முதல்ல போய் நிக்கிறது யாரு?"

"வேடிக்கை பார்க்க."

மனைவி மருந்துக் கடையில் வேலை செய்பவள். உலகத்தில் எந்த டாக்டருடைய கையெழுத்தும் அவளுக்கு அச்சடித்த மாதிரி. இந்தத் திறமை அன்றைக்குக் கைகொடுத்தது. ஏனென்றால் சாரண ஆசிரியை குண்டூசியிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். லிஃப்ட்காரர் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எறும்பு மையில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது.

மனைவி வாங்கிப் படித்தாள். "வெளிநாட்டில் வாழும் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். ஏற்பாடு செய்து தர வேண்டியவர் தந்தை."

"நமக்கு வெளிநாட்டுல யாரு இருக்கா?" என்றார் லிஃப்ட்காரர்.

"அத்தை," என்றாள் குண்டூசி.

லிஃப்ட்காரர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

அத்தை என்றால் அதே முடிச்சு போட்ட அக்கா. வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்ப அவளுக்கு வழி கிடைக்கவில்லை. வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வாசலில் நின்றவளைப் பார்த்து லிஃப்ட்காரர் சொன்னார்: "விருந்தாளி மாதிரி வந்திருக்க. விருந்தாளி மாதிரியே போயிடு." அவள் பெட்டியைக்கூடத் திறக்காமல் அன்றைக்கே போய்விட்டாள். அவள் முதலில் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். தம்பி முதலில் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள்.

"ஊருல இருக்கிறவங்களை எல்லாம் ஏத்தி இறக்குறீங்க," என்பாள் மனைவி அவ்வப்போது. "நீங்க மட்டும் ஒரு மாடி இறங்கி வர மாட்டீங்க. லிஃப்டுக்கு இருக்கிற இறக்கம்கூட உங்ககிட்ட இல்ல."

"இரக்கமா, இறக்கமா?"

"ரெண்டும்தான்."

செவ்வாய்க்கிழமை முழுவதும் லிஃப்ட்காரர் யோசித்தார். யோசித்த வேகத்தில் ஒரு லிஃப்டின் கதவைக் கழற்றி இன்னொரு லிஃப்டில் மாட்டப் போனார். புதன்கிழமை வழி கிடைத்துவிட்டது. அவர் லிஃப்டுக்கு எண்ணெய் போடும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பியானோ டீச்சர் இருந்தார். அசல் வெளிநாட்டுக்காரர். சாயங்காலம் அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பியானோ டீச்சர் தேநீர் குடித்தார். குண்டூசி கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். தன் ஊரில் வருஷத்தில் ஐந்து மாதம் பனி என்றார். அந்தப் பனியில் தம்பி மட்டும் தனியாக இருக்கிறான், அதனால் தினமும் பேசிவிடுவேன் என்றார். லிஃப்ட்காரர் ஜன்னல் கம்பியை எண்ண ஆரம்பித்தார்.

டீச்சர் போனதும், "ஆச்சா? பேட்ஜ் வாங்கிக்கோ," என்றார் மகளிடம்.

மனைவி சீட்டை எடுத்தாள். "வெளிநாட்டுல வாழறவங்கன்னு போட்டிருக்கு. இவங்க இங்க வாழறாங்களே."

"வெளிநாட்டுக்காரங்கதானே?"

"அவங்க ஊர்லேர்ந்து பார்த்தா நாமதான் வெளிநாடு. அதோட, பின்பக்கம் பாருங்க. நெருங்கின உறவா இருக்கணுமாம்."

"பதினோரு வருஷமா அவங்க லிஃப்டை நான்தான் பார்க்கிறேன். இதைவிட என்ன நெருக்கம்?"

"ரத்த உறவுன்னு அடிக்கோடு போட்டிருக்காங்க."

சீட்டு உள்ளங்கை அகலம்தான். விதிகள் மட்டும் அதில் ஊற்றுத் தண்ணீர் மாதிரி ஊறிக்கொண்டே இருந்தன.

வியாழக்கிழமை லிஃப்ட்காரருடைய மூளையில் விளக்கு எரிந்தது. அக்காவைப் பேட்டி எடுக்க அக்கா எதற்கு? அவளைப் பற்றித் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? குண்டூசி எழுதி வைத்திருந்த கேள்வித்தாளைச் சத்தமில்லாமல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா சொல்வது போலவே பதில் எழுதி, 'தபாலில் வந்தது' என்று கொடுத்துவிட்டால் பேட்ஜுக்கு பேட்ஜும் ஆச்சு, மானத்துக்கு மானமும் ஆச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திரம் இருக்கும் சின்ன அறை. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, அதன் மேலேயே தாளை விரித்தார்.

முதல் கேள்வி: அந்த ஊர் மொழியைப் படிக்க எவ்வளவு நாள் ஆனது? 'ஆறு மாதம்' என்று எழுதினார். அக்கா கெட்டிக்காரி. மற்றவர்களுக்கு ஆறு வருஷம் ஆகும்.

இரண்டாவது: அங்கே உங்களுக்குப் பிடித்தது எது? 'நூலகம்.' சந்தேகமே இல்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவள்.

மூன்றாவது: எதற்குப் பயந்தீர்கள்? 'நாய்க்கு.' எழுதிவிட்டுச் சிரித்தார். ஒரு நாய்க்குட்டி வாலாட்டினால்கூட மேஜை மேல் ஏறிவிடுவாள்.

நான்காவது: தொலைவில் இருந்தபோது ரொம்ப அழுத நாள் எது?

பேனா நின்றது.

அதற்குப் பதில் அவருக்குத் தெரியும். அப்பா போன நாளாக இருக்கும். அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? யார் தோளைத் தொட்டார்கள்? இவருக்கு இங்கே அழக் கூட்டமாவது இருந்தது. தெருவே வந்திருந்தது. அவளுக்கு? கையில் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக அழுதிருப்பாள். பிறகு ஒன்பதாம் நாள் மீதி அழுகையைத் தம்பியிடம் அழலாம் என்று வந்திருப்பாள்.

அடுத்த கேள்வி: யாரை ரொம்பத் தேடுகிறீர்கள்?

'தம்பியை' என்று எழுத ஆசையாக இருந்தது. எழுத யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். இயந்திரம் உறுமி, கம்பிவடம் சரசரவென்று இறங்கியது.

போனை எடுத்தார். அந்த எண்ணை எப்போதோ அழித்துவிட்டார். விரலுக்கு மறக்கவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா..."

"என்னடா, எங்கயாவது மாட்டிக்கிட்டியா?"

"இல்லக்கா. மேல நிக்கிறேன். எப்படி இறங்குறதுன்னுதான் தெரியல."

"மெதுவா இறங்குடா. நான் பிடிச்சுக்கறேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசியதாகச் சொல்ல முடியாது. ஒருத்தர் மூக்கை உறிஞ்ச, இன்னொருத்தர் 'ம்' என்று சொல்ல, இருபது நிமிஷம் போனது. கடைசியில் லிஃப்ட்காரர், "அன்னைக்கு வாசல்ல வச்சு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா," என்றார். "நானும் அப்படியே போயிருக்கக் கூடாதுடா. உள்ளே வந்து உன் முதுகுல நாலு போட்டிருக்கணும்," என்றாள் அவள். அதோடு வழக்கு தீர்ந்தது.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திரையில் அக்கா தெரிந்தாள். நெற்றியில் இரண்டு நரை கூடியிருந்தது. குண்டூசி தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "வணக்கம் அத்தை. உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்றீங்களா?" என்று நாடகத்தில் வருகிற மாதிரிக் கேட்டாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, பல்லுல போட்ட கம்பியைக் கழட்டியாச்சா?"

மனைவிக்குப் பலமாக இருமல் வந்தது.

லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் கிசுகிசுத்தார்: "பார்த்தியா? ஆறு வருஷம் கழிச்சு, இத்தனை தூரத்துலேர்ந்து, ஒரே பார்வையில பல்லைக் கவனிச்சுட்டா. எங்க அக்கா கண்ணு அப்படி."

"ஆமாங்க," என்றாள் மனைவி. "அப்படித்தான்."

அக்கா அடுத்த மாதம் குழந்தையோடு வருவதாகச் சொன்னாள். குழந்தைக்கு இப்போது ஏழு வயதாம்.

ஞாயிற்றுக்கிழமை பேட்ஜ் வழங்கும் விழா. லிஃப்ட்காரர் சலவைச் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். குண்டூசியைக் கூப்பிட்டார்கள். கூடாரம் அமைப்பதற்கான பேட்ஜ் என்று சொல்லி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவர் எழுந்து நேராகச் சாரண ஆசிரியையிடம் போனார்.

"டீச்சர், உலகக் குடிமக்கள் பேட்ஜ்?"

"அது ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கிட்டாளே! அத்தையைப் பத்தி ரொம்ப அழகாக் கட்டுரை எழுதியிருந்தா. பட்டையில இடம் விட்டு, அதைத் தனியா வச்சிருக்கா."

லிஃப்ட்காரர் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். "அப்ப இந்த விதியெல்லாம்?"

ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "கயிறு பத்து அடி. டார்ச். தண்ணி பாட்டில். ரெண்டு ஜோடி காலுறை. இது முகாமுக்குக் கொண்டு வர வேண்டிய சாமான் லிஸ்டுங்க."

திரும்பும் வழியில் குண்டூசி முன்னால் ஓடினாள். ஓடுகிறவள் காதில் விழட்டும் என்று லிஃப்ட்காரர் பெருமூச்சு விட்டார். அவள் வேகத்தைக் கூட்டினாள்.

"எத்தனை நாளா அக்காகிட்ட பேசிட்டிருக்க?" என்றார் மனைவியிடம்.

"அவங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போனாங்களே, அன்னைக்கு ராத்திரிலேர்ந்து. யாராவது ஒருத்தர் பேசணும் இல்லையா?"

லிஃப்ட்காரருக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. அதற்குப் பதில் கை தானாகப் போய் மனைவியின் கூடையை வாங்கிக்கொண்டது. பத்து அடி நடந்தார்.

"அப்ப இந்தப் பேட்டி நாடகமும் அக்காவுக்குத் தெரியும்."

"தெரியும். நான், எப்படியும் ஒரு மாசம் முறுக்கிட்டு நிப்பீங்கன்னு சொன்னேன். 'என் தம்பியா? நாலு நாள் தாங்க மாட்டான்'னு அண்ணி பந்தயம் கட்டினாங்க."

"நாலு நாளா! அவ்வளவு லேசானவனா நான்?" என்று நின்றுவிட்டார் லிஃப்ட்காரர். திங்கள் சாயங்காலத்திலிருந்து வெள்ளி மத்தியானம் வரை ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினார். சந்தேகத்துக்கு இன்னொரு தரமும் எண்ணினார்.

நாலுகூட முழுசாக ஆகியிருக்கவில்லை.