டோட்டல் லாஸ் பாயும் இரண்டு பிரபஞ்சங்களும்

அண்டசராசரத்தில் எப்பேர்ப்பட்ட மாவீரனாக இருந்தாலும் சரி, டோட்டல் லாஸ் பாய் முன்னால் வந்து நின்றால் அவன் மதிப்பில் பாதிதான் தேறும். வேற்றுக்கிரகத்துத் தளபதிகளையெல்லாம் ஓடாத மொபெட் ரேஞ்சுக்கு இறக்கி அனுப்பியவர் அவர்.

பாய்க்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று, மதுரை கே.கே. நகரில் இருந்த எங்கள் இன்சூரன்ஸ் ஆபீசில் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் சர்வேயர். சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். விபத்தில் அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது போச்சு, எது தேறும் என்று சொல்கிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். டார்ச் அடித்து அடியில் பார்ப்பார். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். நாலு பக்கமும் நின்று போட்டோ எடுப்பார். அப்புறம் தீர்ப்பு. 'ரிப்பேர்' என்றால் வண்டி பிழைத்தது. 'டோட்டல் லாஸ்' என்றால் காயலான் கடைதான். இந்தப் பழக்கம் வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடை வடையையும் தட்டிப் பார்த்துத்தான் வாயில் வைப்பார். மேனேஜர் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்த அன்று, டிங்கரிங் ஓகே, பெயிண்டிங்தான் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அந்த ஆபீசில் நானும் கேஷியர் சேகரும் ஜென்ம வைரிகள். சொத்துத் தகராறெல்லாம் இல்லை. போனில் தமிழ் டப்பிங்கில் வரும் இரண்டு விண்வெளித் தொடர்கள்தான் காரணம். நான் 'கருந்தேர்' கட்சி. அதில் வீரர்களுக்கு எலும்புக்குப் பதில் எஃகு, கைக்குப் பதில் இயந்திரம். சேகர் 'நீலவளையம்' கட்சி. அதில் இரும்பே கிடையாது. ஒரு ஊசி போட்டுக்கொள்வார்கள், வெட்டினால் வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும். இரண்டு படையும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் இருவருக்கும் கழுத்து நரம்பு புடைக்கும். ரசம் ஆறிப்போகும். கடைசியில் பாயிடம்தான் போய் நிற்போம்.

பாய் இரண்டு தொடரையும் பார்ப்பார். ரசிப்பதற்கு இல்லை, சர்வே எடுப்பதற்கு. சண்டை உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். கருந்தேர் தளபதியின் இரும்புக் கை கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்குகிற காட்சியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. பாய் அசரவில்லை.

"உள்ள ஓடுறது பூராம் ரப்பர் ஹோஸ் மாப்ள. ரப்பருக்குப் பாதி தேய்மானம், கிளைம்ல பாதிக் காசுதேன் வரும்."

சேகர் சிரிப்பதற்குள் அவன் பக்கம் திரும்பினார். நீலவளையத்து இளவரசிக்கு அறுந்த விரல் மறுபடி முளைக்கிறதே, அந்தப் பழைய விரல் எங்கே என்று கேட்டார். பழைய பார்ட்டை ஒப்படைக்காமல் புதுப் பார்ட்டுக்கு கிளைம் கிடையாது என்று அந்த இளவரசியின் ஃபைலை அங்கேயே மூடிவிட்டார். ஆயிரம் வருஷம் பழைய போர்க்கப்பல் வெடித்தால், ஓடத் தகுதி என்று கொடுக்கிற எஃப்.சி. முடிந்து எத்தனை காலமாச்சு என்பார். ரோபோ ஓட்டி இடித்தால், அதுக்கு லைசென்ஸ் உண்டா என்பார்.

பரவை மார்க்கெட் பக்கம் ஒரு தக்காளி வேன் கவிழ்ந்தபோது நானும் கூடப் போயிருந்தேன். உரிமையாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நீலவளையத்தில் வருகிற மாதிரி புவியீர்ப்பை நிறுத்தும் கருவி இந்த வேனில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாய் யோசித்துக்கொண்டிருந்தார். தக்காளி கீழே விழுந்திருக்காது, ஆனால் ஓனரும் கூடப் பறந்திருப்பார் என்று அவருக்கே ஆறுதல் சொன்னார். அந்த மனிதர் அடிக்க வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பூங்கொடி, சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். தினமும் போனில் பேசுவோம். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் விண்வெளிப் பைத்தியத்தையெல்லாம் சொல்வார்களா? ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. அப்போதுதான் திண்டுக்கல் ரோட்டில் ஒரு நாய் என் பைக்குக் குறுக்கே வந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே எஃகுக் கம்பியும் ஸ்க்ரூவும் வைத்துவிட்டார்கள்.

கால் வலிகூடப் பெரிதில்லை. கம்பி வைத்த மாப்பிள்ளைக்கா பெண்ணைக் கொடுக்கப்போகிறீர்கள் என்று அவர்கள் சொந்தத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது. பூங்கொடியின் தாய்மாமன் நேரில் பார்த்து முடிவு சொல்ல ஆஸ்பத்திரிக்கே வந்தார். அவளும் கூட வந்து வாசலோரம் நின்றாள். மாமா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை விட்டுவிட எனக்கு மனசில்லை.

அந்த நேரம் பார்த்து பாய் உள்ளே வந்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார். டார்ச் அடித்தார். முட்டியில் இரண்டு தட்டுத் தட்டினார். நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார். மாமா சடாரென்று எழுந்து, தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கைகட்டி நின்றுவிட்டார். பெரிய டாக்டர் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

"டாக்டரய்யா, எப்படி இருக்கு?"

பாய் மூச்சை இழுத்தார். அந்த வாயிலிருந்து வழக்கமாக வருகிற இரண்டு வார்த்தை வந்தால் என் கல்யாணம் அத்தோடு முடிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எஞ்சின்ல அடி இல்ல. சேஸிஸ்லதான் ஒரு கிராக்கு. ரிப்பேரு" என்றார் பாய். நான் கண்ணைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "என்ன ஒண்ணு, பய இன்னையிலருந்து நெசமாவே கருந்தேர் ஆளாயிட்டான்."

வாசலிலிருந்து பூங்கொடி குரல் வந்தது. "கருந்தேரா? எனக்கு ஆகவே ஆகாது. நான் நீலவளையம்."

இவளும் இத்தனை நாள் என்னிடம் மூச்சு விடவில்லை. மாமா மட்டும், இதெல்லாம் எந்தக் கட்சி, எப்போது ஆரம்பித்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பாய் டார்ச்சை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அப்படிச் சொல்லாதம்மா. கம்பி சும்மா முட்டுக் குடுத்து நிக்கும், அம்புட்டுத்தேன். ஒடஞ்ச எலும்பு தானா வளந்துதான் ஒட்டணும். தானா வளர்றது யாரு, உன் ஆளுக. உள்ள கம்பி இருக்குறது யாரு, இவன் ஆளுக. ரெண்டும் ஒரே பாடியில அந்த ரெண்டு உலகத்துலயுமே கெடையாதும்மா. மதுரையில இந்தக் கட்டில்லதான் கெடக்கு."

அவள் கட்டில் பக்கம் வந்து என் காலைப் பார்த்தாள். அப்புறம் மாமாவிடம், "பாதி நம்மாளுதான் மாமா. தேதிய மாத்த வேணாம்" என்றாள். நான் அழுதுவிட்டேன். கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கல்யாணத்துக்கு வந்த டாக்டர் பாய்க்கு மாமா ஒரு கட்டு வெற்றிலை கொடுத்து, தன் முழங்காலையும் காட்டினார். பாய் இரண்டு தட்டுத் தட்டி, ரப்பர் தேய்ந்துவிட்டது என்றார். மதுரையில் இத்தனை கரெக்டாகச் சொன்ன டாக்டர் வேறு யாருமில்லை என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சேகர் எங்கள் வீட்டுக்கு வந்தால் பூங்கொடி பக்கம்தான் உட்காருவான்.

பாய் ரிட்டையராகிவிட்டார். போன வாரம் கண்புரைக்கு லென்ஸ் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். பழைய லென்ஸை ஒப்படைத்தீர்களா பாய் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கொஞ்சம் சத்தம் குறைத்துக் கேட்டார்.

"நீ பாத்து சொல்லு மாப்ள. ரிப்பேரா, டோட்டல் லாஸா?"

நான் எழுந்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினேன். கால் லேசாக இழுத்தது. அவர் தோளில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"உங்களுக்குத் தேய்மானமே கெடையாது பாய்."