நானூற்று இருபத்தைந்து டிகிரி மாப்பிள்ளை

நவீனமானவன் என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவனுக்கு வீட்டில் ஒரு மின்சாரப் பிளக்காவது உருப்படியாக இருக்க வேண்டும். அறுபதுகளில் பிரிட்டிஷ்காரர்களின் செம்பவாங் கடற்படைத் தளத்து குவாட்டர்ஸில் எனக்கு ஒரு பிளக் இருந்தது. அதில் ரேடியோவைச் செருகினால் விளக்கு மங்கும். விளக்கைப் போட்டால் ரேடியோ இருமும். இந்த அரண்மனையில்தான் நான் வெள்ளைக்காரச் சாப்பாடு செய்து பெண் வீட்டாரை அசத்தப் புறப்பட்டேன். (மூளை என்று ஒன்று இருந்ததா என்று கேட்காதீர்கள். அப்போது எனக்குக் கல்யாண வயது.)

நான் தளத்தின் பண்டகசாலையில் கிளார்க். பெண் பெயர் வசந்தா. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். பெண் பார்க்கப் போனபோது காப்பியைக் கொடுத்துவிட்டு, “சர்க்கரை போதுமா?” என்று கேட்டாள். நான் எழுந்து நின்று, “தேங்க்யூ, சேம் டு யூ” என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்த அடக்கிய சிரிப்பின் மீதியையும் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அதற்குப் பிறகு எனக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் இல்லை.

சம்பந்தம் பேசியவர் ரெங்கசாமி அண்ணன். கப்பல்துறையில் பெயிண்டர். துருவின் மேல் இரண்டு கோட் அடித்துப் பளபளப்பாக்குவது அவருக்குக் கைவந்த கலை. கப்பலானாலும் சரி, மாப்பிள்ளையானாலும் சரி. ஒரு நாள் சாயங்காலம் வந்து தலையைச் சொறிந்தார்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை அவங்க வீடு பார்க்க வர்றாங்க. பொண்ணோட அம்மாவுக்கு ஒரு சந்தேகம்.”

“என்னண்ணே?”

“உன் வீட்டுல இருக்கிற அவன் யாருன்னு.”

“எவன்?”

“அவன்தான்யா. ரொட்டி, கேக்கு வேகுமே, இரும்புப் பெட்டி! பையன் வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு, அவன் இருக்கு, வெள்ளைக்காரன் மாதிரி வாழுறான்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்தம்மா அதை மனுசன்னு நினைச்சிருச்சு. கூட எவனையோ வச்சிருக்கான், மரியாதை இல்லாம அவன் இவன்னு பேசுறாங்க, குடிகாரச் சித்தப்பனா இருக்குமோன்னு ஒரே புலம்பல்.”

“சரி, பொண்ணோட அப்பாவுக்கு?”

“அவருக்குப் புரிஞ்சிருச்சு. அதான் ஆபத்து. ‘அவனை நேர்லயே பார்த்துடலாம்’னுட்டாரு.”

வசந்தாவின் அப்பா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். வாழ்நாள் முழுவதும் திருடர்கள் சொன்ன பொய்களை மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியவர். அவர் முன்னால் நான் ஒரு பொய்யைத் தனியாக நின்று சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு சாதாரண மனிதன் யோசித்திருப்பான். நான் சாதாரணமானவனா? ‘அவனைக் காட்ட முடியாவிட்டால், அவன் செய்த வேலையைக் காட்டு’ என்று என் மூளை தீர்ப்பு வழங்கியது. சனிக்கிழமை பஸ் பிடித்து, ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உறைபனிக்கு நடுவே அது கிடந்தது: மேக்ரோனி சீஸ். அலுமினியத் தட்டில் சமைத்து, உறைய வைத்து, அட்டைப் பெட்டியில் அடைத்த முழுச் சாப்பாடு. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், வருமான வரியே இல்லாத நாட்டில் வாழ்வதுபோல் சிரித்துக்கொண்டிருந்தது. மூன்று பெட்டி வாங்கினேன். பிஸ்கட் டின்னில் மரத்தூளும் ஐஸ் கட்டியும் போட்டு, ஏதோ வெடிகுண்டைக் கொண்டு போகிறவன்போல் மடியில் வைத்துக்கொண்டு செம்பவாங் திரும்பினேன். வழியெல்லாம் டின் ஒழுகியது. பக்கத்து சீட்டுக்காரர் என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறினார்.

அன்றிரவு என் ‘ஃப்ரிட்ஜ்’, தெரு மூலையில் இருந்த ஹைனானியச் சீனர் காப்பிக்கடையின் ஐஸ் பெட்டி. சோடா பாட்டில்களுக்கும் யாரோ வைத்திருந்த மீனுக்கும் நடுவில் என் எதிர்காலம் படுத்திருந்தது.

காலையில்தான் பெட்டியின் பின்புறத்தைப் படித்தேன். ‘அவனை 425 டிகிரிக்குச் சூடாக்கவும்.’ எனக்கு வியர்த்தது. மனிதனுக்கு நூற்று நான்கு டிகிரி ஏறினாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இந்த நூடுல்ஸ் குழாய்க்கு நானூற்று இருபத்தைந்தாம்! தளத்தில் அந்தச் சூடு கப்பல் பாய்லரில்தான் கிடைக்கும். அதில் சோறு பொங்க அட்மிரல் அனுமதிப்பாரா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல் செய்தவர். ஊருக்குத் திரும்பிய துரை ஏதாவது விட்டுப் போயிருக்கலாம் என்று ஓடினேன்.

“அக்கா, உங்க வீட்டுல அவன் இருக்கா?”

அக்கா துடைப்பத்தை நிறுத்தினார்.

“ஓடிப்போனவன் பேச்சைக் காலங்காத்தால எதுக்குடா எடுக்கிற? ஜொகூர்ல எவளோடயோ இருக்கானாம். அவனை எங்கயாச்சும் பார்த்தா நீயே வச்சுக்க!”

துடைப்பம் மறுபடி அசைந்த வேகத்தைப் பார்த்து, இலக்கணப் பிழைக்கு மன்னிப்புக் கேட்காமலே திரும்பினேன்.

கடைசிக் கதி, பின் தெருவில் ரொட்டிக் கடை வைத்திருந்த கனி பாய். விறகு அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதித் தணலில் இருந்தது. அட்டைப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுத் தட்டுகளை மட்டும் நீட்டினேன்.

“என்னா தம்பி இது, கோந்தா?”

“வெள்ளைக்காரச் சாப்பாடு பாய். வெந்ததும் சத்தமில்லாம என் வீட்டுப் பின் வாசல்ல குடுத்துடுங்க. யாருக்கும் தெரியக்கூடாது.”

“கவலைப்படாதே லா. எனக்கும் உனக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும்” என்றார், எங்கள் ஊர் வழக்கப்படி ‘லா’ போட்டுப் பேசும் பாய். அவர் அதைச் சொன்ன குரலில், தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

சொன்ன நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். அப்பா கோட்டுடன், அம்மா பட்டுப்புடவையுடன், ரெங்கசாமி அண்ணன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் முகத்துடன். காலி அட்டைப் பெட்டிகளை மேசைமேல் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தேன். (கொலைகாரன் கத்தியைத் தானே கழுவி ஹாலில் மாட்டி வைத்ததுபோல.)

அப்பா உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். அதில் கொஞ்சம் அதிக நேரம் செலவழித்தார்.

“தம்பி, ஃப்ரிட்ஜ் எங்க?”

“காப்பிக்கடையில… ரிப்பேர்ல சார்.”

“காப்பிக்கடையில ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றாங்களா?”

“பண்றாங்க சார். காப்பியும் போடுறாங்க.”

“அவன்?”

“பின்னாடி இருக்கான் சார்.” நாக்கு குழறிவிட்டது. “இருக்கு! பின்னாடி இருக்கு!”

அம்மா நெஞ்சில் கை வைத்தார். “பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? இருக்கான்!”

“அம்மா, அது மனுசன் இல்ல…”

“குடிச்சா எவன்தான் மனுசன்? பெரியவங்க வந்திருக்கோம், முன்னாடி வந்து ஒரு வணக்கம் சொல்லக்கூடாதா?”

அந்த நேரம் பார்த்துப் பின் கதவு படாரென்று திறந்தது. முண்டா பனியனும் கைலியும், உடம்பெல்லாம் கரியும் மாவுமாக, இரண்டு கையிலும் புகை கக்கும் தட்டுகளோடு கனி பாய் நின்றார்.

“தம்பீ! உன் கோந்து வெந்திருச்சு லா! யாருக்கும் தெரியாம கொண்டாந்துட்டேன்!”

ரேடியோகூட இருமலை நிறுத்தியது. அம்மா பாயை மேலும் கீழும் பார்த்தார். பாய், பட்டுப்புடவையைப் பார்த்து, மரியாதையாக வணக்கம் சொன்னார்.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஆக, அவன் இவர்தானா?”

நான் “ஆமா சார்” என்றேன்.

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது முறையில்லை என்பதால், அந்த அவமானத்தை மூன்று தட்டில் பரிமாறினேன். மேலே தீய்ந்த காடு. நடுவே இன்னும் உருகாத பனிமலை. அம்மா மூக்கைச் சுளித்து, “இங்க சாக்கடை பக்கத்துலயா?” என்றார். அப்பா கையால் ஒரு கவளம் எடுத்தார். சீஸ் தட்டிலிருந்து மீசை வரை நூலாக நீண்டது. கையை உயர்த்தினார், நூலும் உயர்ந்தது. எழுந்து நின்றார், நூலும் மரியாதையாகக் கூடவே எழுந்தது. “ஒட்டடை மாதிரில்ல வருது” என்று அம்மா முந்தானையால் அதை அறுத்துவிட்டார். அதற்குள் உள்ளிருந்த ஐஸ் கட்டி அப்பாவின் பல்லில் நறுக்கென்று கடிபட்டது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டியை எடுத்துப் பின்புறத்தை நிதானமாகப் படித்தார்.

“தண்டனைச் சட்டத்துல நானூத்தி இருபதுன்னா என்னன்னு தெரியுமா தம்பி?”

“ஏமாத்துறது சார்.”

“இதுல நானூத்தி இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு” என்றார். “நீ அதையும் தாண்டிட்ட.”

அவர்கள் போன பிறகு மிச்சத்தைப் பூனைக்கு வைத்தேன். பூனை மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு முறை பார்த்தது. வசந்தாவின் அப்பாவும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஒரு வாரம் ரேடியோவைப் போடவில்லை. விளக்கை மங்க வைக்க என் சோகமே போதுமானதாக இருந்தது.

அப்புறம் ரெங்கசாமி அண்ணன் வந்தார், வாயெல்லாம் பல்லாக.

“சம்மதமாம் தம்பி! அவரு சொன்னதை அப்படியே சொல்றேன்: ‘இத்தனை வருசம் கோர்ட்டுல எத்தனையோ பொய்க்காரனைப் பார்த்திருக்கேன். இவ்வளவு கேவலமாப் பொய் சொல்றவனைப் பார்த்ததே இல்ல. இவனால ஆயுசுக்கும் எம்பொண்ணை ஏமாத்த முடியாது. தைரியமாக் கொடுக்கலாம்.’”

“வசந்தா என்ன சொன்னா?”

“அவங்கப்பா நூலு கதையைச் சொல்லச் சொல்ல, அது சிரிச்ச சிரிப்பு தெரு முனை வரைக்கும் கேட்டுச்சாம்.”

மீதிச் சிரிப்பு. அதை நேரில் பார்க்காமல் போனேனே என்ற ஒரு குறைதான். பிறகு பல வருடங்களாக, பெரும்பாலும் என்னைப் பார்த்தே, வட்டியோடு சிரித்துத் தீர்த்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு மாமனார் சீராகக் கொடுத்தது நிஜமான ஓர் அவன். இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டிலும் அது இருக்கிறது; அதில் அப்பளக் கட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் என் பெயர் நானூற்று இருபத்தைந்து. போன வாரம் மகளின் தோழி கேக் செய்ய வந்தவள், “ஆன்ட்டி, அவன் எங்க இருக்கு?” என்று கேட்டாள். வசந்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள்:

“அவன் அடுப்படியில இருக்கான்மா. ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கே, அதுதான் அது.”