ஒரு பெர்த் அதிகம்

கட்டில் கடையில் மனைவி "மூணு அடுக்கு" என்று சொன்னதும் பரிசோதகருக்குக் காது விடைத்துக்கொண்டது.

"மூணு எதுக்கு? நமக்கு ரெண்டு பொண்ணுங்கதானே?"

"இருக்கட்டுங்க," என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் வினையாகிப் போனது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருபது வருடம் இரவு வண்டியில் ஓடியவர் அவர். டிக்கெட் வைத்திருப்பவன் எரிச்சலோடு எடுத்து நீட்டுவான், இல்லாதவன்தான் முதலில் சிரிப்பான் என்பது அவர் கண்ட உண்மை. இன்னொன்றும் அவருக்குத் தெரியும். வண்டியில் ஒரு பெர்த் காலியாகக் கிடந்தால், அதற்கு உரியவன் அடுத்த ஸ்டேஷனில் பெட்டியும் கையுமாக நிற்கிறான் என்று அர்த்தம்.

நிற்பது யார் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மச்சினன்தான், மனைவியின் தம்பி. முன்பு ஒரு தடவை ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டுத்தான் போனான். ராத்திரி முழுக்க வண்டியில் நின்றுவிட்டுக் காலையில் வீடு திரும்பினால், பரிசோதகரின் கட்டிலில் அவன் குறுக்கே கிடப்பான். பரிசோதகர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். அடுத்தவர்களுக்கெல்லாம் பெர்த் ஒதுக்கிக் கொடுத்த மனிதருக்குச் சொந்த வீட்டில் வெயிட்டிங் லிஸ்ட்.

மூன்று மாதத்துக்கு முன்புதான் அவருக்குப் பகல் டூட்டி கிடைத்தது. நாலு பேரைப் போல ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சொந்தக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கிற சுகம் இந்த வயதில்தான் அவருக்கு வாய்த்தது. அதில் ஓர் அங்குலத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

மனைவியோ கடைக்காரரிடம் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். மேல் தட்டு ஆறடிக்கு மேல் நீளம் வேண்டும், பெரிய ஆள் படுத்தாலும் தாங்க வேண்டும், சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குக் கம்பி வேண்டும், ஏணி தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். மச்சினன் ஆறடிக்குக் குறையாத ஆள். தூக்கத்தில் உருளுகிற ஆளும்கூட. பரிசோதகர் எல்லாவற்றையும் மனதில் முடிந்துகொண்டார்.

வீட்டிலும் கொஞ்ச நாளாகவே எதுவும் சரியில்லை. மனைவி காய் நறுக்கும்போதே தூங்கி விழுந்தாள். பெண்கள் இரண்டு பேரும் வீங்கிய கண்ணோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஏன் என்று கேட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தான் மட்டும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற வீட்டில் மற்றவர்கள் விழித்திருந்து என்ன செய்கிறார்கள்? மச்சினனோடு போனில் சதி ஆலோசனை செய்கிறார்கள், வேறென்ன.

எதிர் வீட்டுத் தையல்காரருக்கும் இதில் பங்கு இருந்தது போலத் தெரிந்தது. முன்பெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன், இப்போது படிக்கட்டில் பரிசோதகரைப் பார்த்தாலே சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். அன்று காலை அடுக்கடுக்காகத் தும்மல் வேறு. ஜலதோஷமா என்று விசாரித்ததற்கு, "உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தம் வீட்டு ரகசியம் எதிர் வீடு வரைக்கும் போயிருக்கிறது என்று பரிசோதகர் கணக்குப் போட்டார்.

அன்று மாலை அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறக்காமல் நின்றார். எதிர்பார்த்தது நடந்தது. மனைவி தம்பியோடு போனில் பேசினாள்.

"நீ வந்தாத்தான்டா எனக்கு விடிவுகாலம். அவர்கிட்ட ஒண்ணும் உளறி வைக்காதே. சொன்னா நம்ப மாட்டார், சாட்சி கேப்பார்."

இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? பரிசோதகர் குளிக்காமலே தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் டூட்டி முடிந்ததும் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கட்டில் கடைக்குப் போனார். மூன்று அடுக்கு வேண்டாம், இரண்டு அடுக்கு போதும், வீட்டம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். இரண்டு அடுக்கு என்றால் கூடவே ஒரு சலுகை உண்டு என்று கடைக்காரர் ஏதோ விளக்க வந்தார். சலுகை என்ற வார்த்தையைக் கேட்டாலே பரிசோதகருக்குப் பிடிக்காது. அதெல்லாம் பேசாதீர்கள், அனுப்புங்கள் என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு வந்தார். இருக்கிற இடத்தை அடைத்துவிட்டால் எவன் வந்து எங்கே படுப்பான் என்று அவருக்குள் ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை கட்டில் வந்தது. இரண்டு ஆட்கள் அதைக் கூடத்திலேயே வைத்துப் பூட்டினார்கள். பூட்டி முடித்ததும் ஒருவர் குனிந்து அடிப்பலகையைப் பிடித்து இழுத்தார். உள்ளே இருந்து சக்கரம் வைத்த இன்னொரு படுக்கை உருண்டு வந்தது.

"இது ஃப்ரீ சார். ரெண்டு அடுக்கு வாங்கினா இது கூடவே வரும்."

பெர்த்துக்கு அடியில் ஒளிந்திருந்த ஆட்களைப் பரிசோதகர் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறார். பெர்த்துக்கு அடியில் பெர்த்தே ஒளிந்திருந்து பிடித்தது இதுதான் முதல் தடவை. திரும்ப எடுத்துப் போகச் சொல்லி அவர் மல்லுக்கு நின்றார். வண்டி போய்விட்டது என்றார்கள் ஆட்கள். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாத்தச் சொன்னது நீங்கதானா? கடையிலேருந்து எனக்கு போன் வந்தது. மூணு அடுக்கு வேணுமா வேணாமான்னு கேட்டாங்க. வேணும்னு சொல்லிட்டேன்."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. வீட்டுக்காரர் இரண்டு அடுக்கு கேட்கிறார், வீட்டம்மா மூன்று அடுக்கு கேட்கிறார், ஆக இது பெரிய குடும்பம் என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். மூன்று அடுக்கு பெண்களின் அறைக்குள் ஏறியது. இரண்டு அடுக்கு கூடத்திலேயே தங்கியது. வாசல் கதவு பாதிதான் திறந்தது. டி.வி.யில் செய்தி வாசிப்பவரின் இடது காது மட்டும் தெரிந்தது.

பரிசோதகர் எண்ணிப் பார்த்தார். மொத்தம் ஆறு பெர்த். ஒரு பெர்த்துக்கே மச்சினன் வருவானென்றால் மிச்சத்துக்கு அவன் மனைவி, பிள்ளைகள், மாமனார் எல்லோரும் வருவார்கள். இனி தனக்கு மறுபடியும் அந்த நாற்காலிதான். சொந்த வீட்டில் தூங்க ஓர் இடம் கேட்பது அப்படி ஒன்றும் பேராசை இல்லையே என்று தம்மைப் பார்த்துத் தாமே இரக்கப்பட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். பாதி திறந்த கதவு வழியாக உடம்பைக் குறுக்கி நுழைந்தான். கையில் கனமான ஒரு பை. கீழே வைத்தபோது கடகடவென்று சத்தம் கேட்டது. பாத்திரம் பண்டத்தோடு குடிவந்துவிட்டான்.

இனிப் பேசிப் பயனில்லை. எழுந்து நிற்பவனை நகர்த்தலாம், ஏறிப் படுத்துவிட்டவனை நகர்த்துவது கடினம் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? பரிசோதகர் டூட்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு, தலையணை, போர்வை, தண்ணீர் பாட்டில் மூன்றையும் எடுத்துக்கொண்டு பெண்களின் அறைக்குப் போனார். விறுவிறுவென்று ஏணியில் ஏறி, மூன்றாவது அடுக்கில் கோட்டோடு நீட்டிப் படுத்தார்.

"இது என் பெர்த். எவன் வந்தாலும் இறங்க மாட்டேன்."

கீழே வீடு முழுக்கத் திரண்டு நின்றது. மனைவியின் முகத்தில் கோபத்தைத் தேடினார். காணவில்லை.

"இன்னிக்கு மட்டுமா, தினமுமா?" என்று கேட்டாள்.

"தினமும். ஆயுசுக்கும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் சர்வீஸ்ல நான் பேச்சு மாறினதே கிடையாது."

மனைவி தம்பியைப் பார்த்தாள். அவன் பையைத் திறந்தான். உள்ளே ஸ்பேனரும் திருப்புளியும் சுத்தியலுமாக இருந்தன. ஒரு சட்டைகூட இல்லை.

"மேல கம்பி எல்லாம் கெட்டியா இருக்கான்னு ஆட்டிப் பாருங்க அத்தான்," என்றான் மச்சினன்.

ஆட்டிப் பார்த்தார். அசையவே இல்லை.

"ராத்திரி தண்ணி மட்டும் கொஞ்சமா குடிங்க," என்று சொல்லிக்கொண்டே அவன் ஸ்பேனரால் ஏணியைக் கழற்றித் தோளில் சாய்த்துக்கொண்டான். மனைவி நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். பெரியவள் அப்பாவுக்குக் கையாட்டிவிட்டு கீழ் அடுக்கில் தொப்பென்று விழுந்தாள்.

பரிசோதகர் கம்பிக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏய், ஏணியை ஏன்டா எடுக்கிற? அதை எங்க கொண்டு போற?"

நடு அடுக்கில் படுத்திருந்த சின்னவள்தான் ஒரு பெரிய கொட்டாவி விட்டுவிட்டுச் சொன்னாள்.

"நீங்க தூக்கத்துல எழுந்து வந்து எல்லாரையும் எழுப்பி டிக்கெட் கேக்கறீங்கல்லப்பா, அதுக்குத்தான். போன வாரம் ஒரு ராத்திரி எதிர் வீட்டு மாமாகிட்ட டிக்கெட் இல்லேன்னு அவரை மொட்டை மாடியில இறக்கி விட்டுட்டு வந்துட்டீங்க."