ஜுனைட் சலூனின் தேர்தல் கணிப்பு

நளீம் சேரின் அரசியல் விஞ்ஞான வகுப்பில் பதினாறு கதிரைகள் கிடந்தன. ஒன்றில்தான் ஆள் இருந்தது.

மற்றப் பிள்ளைகளைக் கலைத்தவன், மருதமுனைச் சந்தியில் சலூன் வைத்திருக்கும் ஜுனைட். போன மூன்று தேர்தலிலும் தங்கள் வட்டாரத்தில் யாருக்குக் கூடுதல் வாக்கு என்று அவன் முன்கூட்டியே சொன்னான். மூன்றும் பலித்தன. சேர் சொன்ன மூன்றும் பிழையாய்ப் போயின.

"அரசியலப் படிக்க எதுக்கு சேர் வகுப்பு?" ஒரு தகப்பன் முகத்துக்கு நேரே கேட்டார். "முடி வெட்டப் போனா ஜுனைட் சும்மாவே செல்லித் தாறான்."

சேருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அரசியல் அறிவு: ஆய்வா, ஊகமா?' என்று கல்முனையில் துண்டுப்பிரசுரம் அடித்துப் பள்ளிவாசலடியில் கொடுத்தார். ஜுனைட் பத்துப் பிரதி கேட்டு வாங்கினான், சவரக்கத்தி துடைக்க.

அடுத்த தேர்தலும் வந்தது. வழமைபோல் இரண்டு பேருக்குள்தான் போட்டி. சேர் வெயிலில் நூறு வீடு ஏறிக் கருத்துக் கேட்டார். வாசல் தேடி வந்த மனிசனின் மனம் நோகலாமா? எல்லாரும் பிளேன்ரீ கொடுத்து, சேர் நினைத்த ஆளுக்கே வாக்கு என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தத் துணிவில் சலூனுக்கே போய், ஒரு கன்னம் மட்டும் வழித்திருந்த நிலையில் எழுந்து நின்றார்.

"உன்ட கணிப்ப எழுதி ஒட்டு! நான் பிழைச்சா வகுப்ப மூடுறன்!"

"நாளைக்கு ஒட்டுறன். இரிங்க சேர், மத்தக் கன்னத்தையும் வழிச்சிருவம்."

அன்று பின்னேரம் வகுப்பில் சேர் தன் முடிவை அறிவித்தார். "மஜீட் ஹாஜியார்தான்!" மிஞ்சியிருந்த ஒரே மாணவி அப்ரா அதை எழுதி, இரண்டு கோடு கீறினாள். சேருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவள் ஜுனைட்டின் சொந்த மகள். சலூன்காரன் மகளே அறிவைத் தேடித் தன்னிடம் வருகிறாளே!

மறுநாள் சலூன் கண்ணாடியில் 'றிஸ்மி' என்று ஒட்டியிருந்தது. தேர்தலில் றிஸ்மியே வென்றார்.

பதினெட்டு வருட வகுப்பு. சேர் கரும்பலகையைத் துடைத்து வைத்தார்.

"மகள், நாளையிலிருந்து வகுப்பில்ல. கடைசி வரைக்கும் படிக்க வந்தது நீ ஒராள்தான்."

அப்ரா பதறிப்போனாள்.

"மூடாதீங்க சேர்! நீங்க ஆரச் செல்றீங்களோ, அவர விட்டுட்டு மத்த ஆளத்தான் வாப்பா செல்ற. வகுப்ப மூடினா அடுத்த தேர்தலுக்கு வாப்பா என்ன செய்யிற?"