முட்டைகோஸ் மட்டும் கருகும் வீடு

என் மனைவிக்குப் பதவி உயர்வு வரக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வந்தால் அதை அவள் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நிதானமாக யோசித்தால் உங்களுக்கே புரியும்.

நான் ஒரு நூலகத்தில் உதவி நூலகர். அங்கே யாரும் பேசக் கூடாது. வீட்டில் நான் பேசக் கூடாது. ஆக, என் குரலை நானே கேட்பது நடுவில் தெருவில் நடக்கும்போதுதான். அவளுக்கு ஒரு பால் நிறுவனத்தில் வேலை. பால் என்றதும் பசு, எருமை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் உட்காரும் மாடியில் பால் என்பது டீயில் மட்டும்தான் இருக்கும். எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் போனது, எத்தனை கெட்டுத் திரும்பியது, நாளைக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்வதுதான் அந்த மாடியின் தொழில். ரசீதுகளைத் தட்டச்சு செய்யும் பெண்ணாகத்தான் அங்கே சேர்ந்தாள். பேசாமல் தட்டிக்கொண்டிருந்தவள் ஒருநாள் தட்டுவதை நிறுத்திவிட்டு, "இந்தக் கணக்கு தப்பு" என்றாள். பார்த்தால் தப்புதான். அதற்குப் பிறகு அவளிடம் காட்டாமல் எந்தக் கணக்கையும் மேலே அனுப்புவதில்லை என்றாகிவிட்டது. இப்போது அவளுக்குக் கீழே ஒரு குழுவே இருக்கிறது. எனக்குக் கீழே ஓர் ஏணி இருக்கிறது. மேல்தட்டுப் புத்தகங்களை எடுப்பதற்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, டேட்டா பிரிவு மொத்தத்துக்கும் தலைவரா என்னைப் போடலாம்னு பேசிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை நேர்காணல்."

"அடடே! ரொம்ப சந்தோஷம்."

"வாய்தான் சந்தோஷம்னு சொல்லுது. மூஞ்சி வேற என்னமோ சொல்லுதே?"

"என் மூஞ்சியே அப்படித்தான். கல்யாண போட்டோவை எடுத்துப் பாரு."

"காலையில ஆறரைக்கெல்லாம் கிளம்பணும். சாயங்காலமும் லேட்டாகும். உங்களுக்கு லைப்ரரி பத்து மணிக்குத்தானே? சமையல், துணி, பாப்பாவை ஸ்கூல் பஸ்ல ஏத்தி விடறது எல்லாம் உங்க கைக்கு வந்துடும்."

காலை ஒன்பது மணி வரை என்னைப் பொறுத்தவரை இரவுதான்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, வேண்டாம்னுட்டேன். ஒரு தடவை பாப்பா பொறந்தப்போ. இன்னொரு தடவை உங்களுக்குக் கால் கட்டைவிரல் சுளுக்கினப்போ."

"அது சாதாரண வலியா?"

"இந்தத் தடவை எனக்கு இந்த வேலை வேணுங்க."

வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவள். துணிக்கடைக்குப் போனால்கூட எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு "பாக்கலாம்" என்று வெளியே வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் நிறையப் பயமாகவும் இருந்தது. முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை. முடியும் என்று சொல்ல மனசு இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் போனேன். குடும்ப விஷயங்களில் அவர் எனக்கு மூத்தவர்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினார்.

"சார், மறுத்தா சண்டை வரும். மறுக்காதீங்க. உடனே ஒத்துக்கங்க. ஒத்துக்கிட்டு, கெடுங்க."

"கெடுக்கிறதா?"

"கல்யாணமான புதுசுல என்னைத் துணி துவைக்கச் சொன்னாங்க. வீட்டுல இருந்த வெள்ளைத் துணி அத்தனையையும் என்னோட சிவப்பு பனியனோட சேர்த்து மெஷின்ல போட்டேன். எல்லாம் ரோஸ் கலர். இன்னிக்கும் நான் மெஷின் பக்கம் போனா 'நில்லுங்க!'ன்னு கத்துவாங்க. ஒரே ஒரு தடவை சார். ஆயுசுக்கும் நிம்மதி."

"மனசாட்சி குத்தாதா டாக்டர்?"

"முதல்ல லேசா குத்தற மாதிரி இருக்கும். அப்புறம் மரத்துப்போயிடும்."

தொழில் பேச்சு அவரை விட்டுப் போகாது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன்.

"நாளையிலேர்ந்தே வீடு என் பொறுப்பு. நீ எதுலயும் தலையிடாதே. நேர்காணலுக்குத் தயார் பண்ணு."

கையில் இருந்த துணியை அவள் அப்படியே கீழே வைத்தாள்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமா."

"அப்போ ஒண்ணு பண்ணலாம். எங்க ஆபீஸ்ல புது சிஸ்டம் வந்தா எடுத்த எடுப்புல மாத்திட மாட்டோம். முதல்ல ஒரு சோதனை ஓட்டம். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டிப் பாக்கலாம். சரிப்பட்டு வரலேன்னா, இந்தத் தடவையும் வேண்டாம்னு சொல்லிடறேன்."

நான் கேட்க நினைத்ததை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

திங்கட்கிழமை முட்டைகோஸில் ஆரம்பித்தேன். முட்டைகோஸுக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஒத்துப்போகாது. அடுப்பை முழுசாக எரியவிட்டு, பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்தேன். விளையாட்டுப் பக்கம் முடிவதற்குள் முட்டைகோஸ் முடிந்துவிட்டது. புகை ஹாலுக்குப் போனதும் அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். பிறகு நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாவம், மனசு ஒடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேஜையில் மகள் தட்டை முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இது என்னது?"

"முட்டைகோஸ்."

"இப்பவா, முன்னாடியா?"

"பேசாம சாப்பிடு. உருளைக்கிழங்கு வறுவல் இருக்குல்ல?"

வறுவல் பொன்னிறத்தில் மொறுமொறுவென்று வந்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் சாப்பிட வேண்டுமே!

செவ்வாய்க்கிழமை இஸ்திரி. என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், பிறந்தநாளுக்கு எனக்கு ஒரு கிளிப்பச்சைச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு நூலகம் போனால் புத்தகம் படிப்பவர்கள் புத்தகத்தைப் பார்க்க மாட்டார்கள். சட்டையின் முதுகில் சூடான இஸ்திரிப் பெட்டியை அப்படியே படுக்க வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டதாகப் போய்ப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது சட்டையில் ஜன்னல் வைத்திருந்தது. பக்கத்தில் என் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

புதன்கிழமை என் மாமியார் கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வருகிறார், சாயங்காலம் போன் பண்ணி விசாரிக்க வேண்டும். மறந்துவிட்டேன். அதே நேரத்தில் டிவியில் மேட்ச் இருந்தது. அது ஞாபகம் வந்துவிட்டது. மகள் விஷயத்தில் மட்டும் நான் விளையாடவில்லை. ஸ்கூல் பஸ்ஸை ஒருநாளும் தவறவிடவில்லை. அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி மரத்துப்போகவில்லை.

இத்தனைக்கும் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை. "பரவாயில்லீங்க." முட்டைகோஸுக்கும் பரவாயில்லீங்க, சட்டைக்கும் பரவாயில்லீங்க. அம்மாவுக்குப் போன் பண்ணாததற்குக்கூடப் பரவாயில்லீங்க! வெற்றி நெருங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எதிர் பால்கனியிலிருந்து டாக்டர் குரலைத் தாழ்த்தி விசாரித்தார்.

"எப்படிப் போகுது சார்?"

"கருகுது டாக்டர்."

"பிரமாதம்!"

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் என்னைத் தேர்வுக் குழுத் தலைவராக உட்கார வைத்தாள். ஒத்திகை பார்க்க வேண்டுமாம். அவள் எழுதிக் கொடுத்த கேள்வியைத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"ஒரு டேட்டா பொய் சொல்லுதுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

"சார், எங்க பால் கிடங்குகள்ல குளிர் அறையோட வெப்பநிலையை மணிக்கொரு தடவை பாத்து அனுப்பணும். ஒரு கிடங்குலேர்ந்து மட்டும் எப்பவும் நாலு டிகிரி, நாலு டிகிரின்னே வந்துது. என்ன ஒழுங்குன்னு எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கு மட்டும் உறுத்திச்சு. கதவைத் திறந்தா ஏறும், மூடினா இறங்கும். நிஜம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். அது யாரோட வசதியையும் பாத்து வராது. போய்ப் பாத்தா, அந்த ஆள் குளிர் அறைக்குள்ள போறதே இல்ல. வெளியே நாற்காலியில உக்காந்தே எழுதியிருக்கார்."

"ஆகா!" என்று தொடையைத் தட்டினேன். "கையும் களவுமா மாட்டினான் பாரு! எப்படித்தான் இப்படி ஏமாத்த மனசு வருதோ!"

"அதாங்க எனக்கும் தெரியல" என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

அவளை மனதாரப் பாராட்டிவிட்டு எழுந்து போய் பீன்ஸைக் கருகவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கையில் ஒரு கேக் பெட்டியோடு உள்ளே வந்தாள். மகள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"கிடைச்சிடுச்சுங்க. ஒத்துக்கிட்டேன். திங்கட்கிழமையிலேர்ந்து."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"எப்படி ஒத்துக்கிட்டே? சோதனை ஓட்டம்தான் ஊத்திக்கிச்சே! முட்டைகோஸ்..."

"உக்காருங்க. உருளைக்கிழங்கு ஒருநாளாவது கருகிச்சா?"

"இல்ல."

"வெள்ளைச் சட்டை?"

"இல்ல."

"மேட்ச்?"

நான் கேக் பெட்டியைப் பார்த்தேன்.

"ஒண்ணும் தெரியாதவர் கைக்கு முட்டைகோஸும் ஒண்ணுதான், உருளைக்கிழங்கும் ஒண்ணுதான். உங்க கை மட்டும் ஆள் பாத்துக் கருக்குது. எங்க அண்ணன் சட்டையில நட்டநடு முதுகுல, ஓரம் பிசகாம ஓட்டை. வேணும்னே கெடுக்கணும்னா நல்லா செய்யத் தெரிஞ்சிருக்கணும். உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு."

என் முகத்தில் அசடு வழிந்தது.

"எல்லாத்தையும் எழுதி வெச்சிருந்தியா?"

"எதுக்கு எழுதணும்? தின்னது நான்தானே!"

விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கேட்டேன். "சரி, நான் ஒண்ணு விடாம எல்லாத்தையும் கெடுத்திருந்தா?"

"உக்கார வெச்சுக் கத்துக்குடுத்திருப்பேன்."

"எதையுமே கெடுக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் அடுப்படி உங்களுக்குத்தான்."

"அப்புறம் எதுக்கும்மா எனக்கு ஒரு சோதனை ஓட்டம்?"

அவள் கேக்கை வெட்டி மகளுக்கு ஊட்டினாள். எனக்கு ஒரு துண்டை நீட்டினாள். சிரிப்பு முகத்தில் நிற்காமல் வழிந்தது. இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. என் நிலைமையிலும் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

"உங்களுக்குன்னு யாருங்க சொன்னா? சோதனை எனக்கு. முன்னாடி வேண்டாம்னு சொன்னதுக்குப் பாப்பாவும் காரணம் இல்ல, நீங்களும் காரணம் இல்ல. இன்னொருத்தர் வேலை செஞ்சா சும்மா பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. பிடுங்கி நானே செஞ்சுடுவேன். அவ்வளவு பேருக்குத் தலைவரா போய் உக்காந்துட்டு அப்படிச் செய்ய முடியுமா? அதான், கண்ணு முன்னாடி வீடே கருகினாலும் எழுந்து போய்க் கரண்டியைப் பிடுங்காம இருக்க முடியுதான்னு பாத்தேன். இருந்துட்டேங்க!"

ஆக, அந்த வாரம் முழுக்கப் பரீட்சை எழுதியது அவள். நான் வெறும் கேள்வித்தாள்.